மறைந்துபோன மஸ்கெலியாத் தொகுதி



சிவனொளிபாதமலையை நாடி ஹற்றன் மார்க்கமாக வரும் யாத்திரிகர், மௌசாகலை நீர்த்தேக்கத்தின் கரையோரமாகவே நல்லதண்ணியை அடைகின்றனர். அந்நீரின் அடியிற் பழைய மஸ்கெலியா நகர் மூழ்கிக் கிடக்கின்றது. அந்நகரின் பெயரைத் தாங்கிய தேர்தற்றொகுதியும் இன்று இல்லை. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1931 ஆம் ஆண்டு இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தபோது, ஹற்றன் தொகுதி பெரி. சுந்தரத்தை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1936 இல் அத்தொகுதி கோ. நடேசய்யரைத் தெரிந்தெடுத்தது. பின்னர் சோல்பரி யாப்பின்படி, 75,000 சனங்களுக்கு ஓர் ஆசனமும், 1,000 சதுரமைலுக்கு மேலதிகமாக ஓர் ஆசனமும் என 1946 இல் தொகுதிகள் வகுக்கப்பட்டன. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு ஆசனங்களை வென்றது. மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தாவும், நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையிற் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் வெற்றி பெற்றனர்.

இந்நிலை நீடிக்கவில்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1949 ஆம் ஆண்டுத் தேர்தற் திருத்தச் சட்டம் அவர்கள் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. அதே ஆண்டு பிறிதொரு சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் பிரசாவுரிமை கோரியும், ஏறத்தாழ 1,34,000 பேரே அதனைப் பெற்றனர். 1952 இல் தொழிலாளர் சத்தியாக்கிரகம் செய்தனர்; பயன் விளையவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரேனும் தெரிவாகவில்லை.

இங்கு ஒரு விந்தையைக் கவனித்தல் வேண்டும். தொகுதிகளை வகுக்கும் வேளையில், 1959 இலும், நாடற்றோர் உட்பட அனைவரும் கணக்கிற் கொள்ளப்பட்டனர். வாக்களிக்கும் வேளையில் அவர்கள் விலக்கப்பட்டனர். கொழுந்து பறிப்போரின் தொகையால் மலைநாட்டுக்கு ஆசனங்கள் கிடைத்தன; அவ்வாசனங்களில் அமர்வோரைத் தெரிவு செய்யும் உரிமையோ பிறரிடம் இருந்தது. தொண்டமானும் 1960 இலும் 1965 இலும் நியமன அங்கத்தவராகவே பாராளுமன்றம் புகுந்தார்.

1964 ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் ஒரு சாரார் தாம் பிறந்த மண்ணைப் பிரிந்து இந்தியா சென்றனர். மற்றொரு சாரார் இலங்கைப் பிரசைகளாயினர். 1976 ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயம், நுவரெலியா-மஸ்கெலியா என மூன்று அங்கத்தவர் தொகுதியொன்றை அமைத்தது. வாக்காளர் தம் மூன்று வாக்குகளையும் ஒருவருக்கே அளிக்கலாம். இதனாற் சிறுபான்மையினர் ஒன்றுபட்டு ஓர் ஆசனத்தைப் பெற வழி பிறந்தது. 1977 இல் காமினி திசாநாயக்க, அநுரா பண்டாரநாயக்க ஆகியோருடன் தொண்டமான் மூன்றாம் உறுப்பினராகத் தெரிவானார். கால் நூற்றாண்டின் பின் மலையகத் தமிழரின் வாக்கு மீண்டும் பாராளுமன்றத்தை எட்டியது.

1978 ஆம் ஆண்டு யாப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தது. 1989 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் அம்முறையில் நடைபெற்றது. அதனோடு இத்தொகுதி மறைந்து, நுவரெலியா மாவட்டத்தின் வாக்கெடுப்புப் பிரிவொன்றின் பெயராக மட்டும் எஞ்சியது. எஞ்சிய நாடற்றோருக்கு 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் பிரசாவுரிமை வழங்கின.

தொகுதிகள் தோன்றலாம், மறையலாம். ஆயினும் ஒரு நாடு தன் மக்களைத் தொகை காட்டுதற்கு எண்ணுமாயின், அவர்தம் வாக்கையும் எண்ணுதல் வேண்டும். மஸ்கெலியாத் தொகுதியின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.