கற்பிட்டிக் கரையும் கணினி விளையாட்டின் தாமதமும்

புத்தளக் களப்பின் வாயிலிலே 1667ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டத் தொடங்கினர். அக்கோட்டையிலிருந்து எழுந்த ஒரு செய்தி கொழும்பை அடைந்து, அங்கிருந்து கும்பனியின் கீழைத்தேயத் தலைமையிடமாகிய பத்தாவியாவுக்குச் சென்று மறுமொழியோடு மீள்வதற்குப் பருவக்காற்றின் தயவு வேண்டியிருந்தது. மாதக்கணக்கிற் காத்திருப்பதை எவரும் குறையாகக் கருதவில்லை. 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி ஓடியபோது, இந்நாட்டிற் பொறுமையின் அளவுகோல் மாறலாயிற்று.

இன்று அதே கரையிற் கணினி முன் அமரும் இளைஞன் ஒரு விநாடியின் பத்திலொரு பங்கையும் பொறுக்கமாட்டான். அவனை அவசரக்காரன் என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. பல நாட்டார் ஒரே வேளையில் ஆடும் இணைய விளையாட்டில் அந்தப் பத்திலொரு பங்குதான் வெற்றியைத் தீர்மானிக்கின்றது.

தாமதத்துக்குத் தூரமே காரணம் என்பது பொதுவான எண்ணம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். கற்பிட்டியிலிருந்து கொழும்புக்குப் போய்வர ஆயிரத்திலிரண்டு விநாடியும் ஆகாது. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். போய்வர ஆயிரத்தில் 27 விநாடி. கடலடிக் கம்பி நேர்க்கோட்டிற் செல்வதில்லையாதலால் இது இன்னும் கூடும். இதற்கு மேலும் நூறு, இருநூறு என்று ஏறுமானால், பழியைக் கடலின் மீது மட்டும் சுமத்தலாகாது.

அதனை அளக்கும் கருவி 1983 டிசம்பரில் அமெரிக்கரான மைக் மூஸ் எழுதிய சிறு நிரலாகும். ஒலியை அனுப்பி எதிரொலியால் நீரின் ஆழமறியும் கருவியின் ஓசையைக் கொண்டு, அதற்குப் 'பிங்' என்று அவர் பெயரிட்டார். கடலோடிகளுக்கு அதன் தத்துவத்தை விளக்கவேண்டிய அவசியமில்லை. முதலில் வீட்டிலுள்ள ரூட்டருக்குப் பிங் அனுப்பிப் பார்த்தல் வேண்டும். அதுவே தாமதித்தால் நோய் வீட்டுக்குள் இருக்கின்றது. சுவர்களைத் தாண்டும் வைஃபையை விட்டுக் கம்பியை இணைத்தால் பெரும்பாலும் தீரும். வீட்டில் இன்னொருவர் காணொளி ஏற்றும்போது மட்டும் தடுமாறினால், ரூட்டரின் வரிசையில் விளையாட்டின் செய்திகள் பின்னே நிற்கின்றன என்பது பொருள். அளவுக்கு மீறிய சேமிப்பிடமே இவ்வரிசையை நீட்டுகின்றது என்பதை ஜிம் கெற்றிஸ் 2010இல் எடுத்துக்காட்டும் வரை, சேமிப்பிடம் பெருகுவதை நன்மையென்றே பலரும் எண்ணியிருந்தனர்! இணையத்தைத் துண்டித்துத் தனியே ஆடும்போதும் படம் திக்கித்திக்கி நகருமாயின் அது வேறு நோய்: கணினி சூடேறியிருக்கலாம், விசிறியிற் தூசி அடைத்திருக்கலாம், படத்தின் நுணுக்கம் அதன் சக்திக்கு மிஞ்சியிருக்கலாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வோரே மிகப் பலர்.

விளையாட்டை ஆக்கியோரும் வாளாவிருக்கவில்லை. 1997இல் வெளிவந்த 'ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்' உடப்பின் கரைவலையை ஒத்தது. இரு கயிறுகளையும் இரு அணியினர் ஒருசேர இழுத்தாலன்றி வலை கரை சேராது. அவ்வாறே அவ்விளையாட்டில் எல்லாக் கணினிகளும் ஒரே கணக்கை ஒரே படியிற் செய்தன. மிக மெதுவான கணினிக்கும் மிக மோசமான இணைப்புக்கும் ஏற்றபடியே யாவரும் நடந்தனர். போர்ப்படைகளை நகர்த்தும் ஆட்டத்துக்கு இது போதும். துப்பாக்கி ஆட்டத்துக்கோ போதாது. ஆகவே 1996இல் ஜோன் கார்மக் 'குவேக் வேர்ள்ட்' விளையாட்டில், சேவரின் மறுமொழிக்குக் காத்திராமல் ஆட்டக்காரனின் அசைவை அவனது கணினியே முன்கூட்டிக் கணிக்கும் வழியைப் புகுத்தினார்.

எனினும் ஒரு வழக்கு எஞ்சிநின்றது. தொலைவிலுள்ளவன் குறிபார்த்துச் சுடும்போது, அவன் திரையில் எதிரி இன்னும் வெட்டவெளியில் நிற்கின்றான். எதிரியோ தன் திரையிற் சுவருக்குப் பின்னே ஒளிந்துவிட்டான். இருவரும் கண்டது உண்மையே. வால்வ் நிறுவனத்தைச் சேர்ந்த யான் பேர்னியர் 2001இல் விளக்கிய முறைப்படி, சேவர் காலத்தைச் சற்றே பின்னோக்கித் திருப்பி, சுட்டவன் கண்ட காட்சியைக் கொண்டு தீர்ப்பளிக்கின்றது. கற்பிட்டி போன்ற தொலைகரைகளில் இருப்போர் சிங்கப்பூரின் அருகிலிருப்போரோடு ஓரளவு சமமாகப் பொருத முடிவது இத்தீர்ப்பினாலேயே. சுவருக்குப் பின்னே வீழ்ந்தவனின் முறைப்பாடு மட்டும் இன்னும் ஓயவில்லை.