தரை டிக்கெட்டின் தீர்ப்பு

1

1927-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு வினாத்தாளை அச்சடித்து நாடு முழுக்க அனுப்பியது. மொத்தம் 4,325 படிகள். அதில் ஒரு பகுதியைச் சுருக்கினால் நம்ம ஊர் டீக்கடைக் கேள்விதான்: ஜனங்களுக்கு எந்த மாதிரிப் படம் பிடிக்குது? படித்தவர்களுக்கு எது, படிக்காதவர்களுக்கு எது?

கேட்டது ‘இந்திய சினிமாட்டோகிராஃப் கமிட்டி’. தலைவர் சென்னையின் புகழ்பெற்ற வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். மூன்று இந்தியர்கள், மூன்று ஆங்கிலேயர்கள் கொண்ட குழு. 1927 அக்டோபரில் அமைக்கப்பட்டது, 1928-இல் அறிக்கை கொடுத்தது. அரசுக்கு திடீரென்று ரசிகர்கள் மேல் பாசம் வந்துவிடவில்லை. திரையில் ஓடியதில் பெரும்பகுதி அமெரிக்கப் படம். அதில் வெள்ளைக்காரப் பெண்கள் குடிக்கிறார்கள், முத்தம் கொடுக்கிறார்கள். இதையெல்லாம் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்க்கிற இந்தியன் நாளைக்கு நம்மை எப்படி மதிப்பான் என்பது துரைமார்களின் கவலை. அமெரிக்கப் படத்தின் இடத்தில் பிரிட்டிஷ் படத்தை வைக்க வழி உண்டா என்பது அதற்குள் ஒளிந்திருந்த வியாபாரக் கவலை.

வினாத்தாளுக்கு வந்த எழுத்துப் பதில்கள் 320. நேரில் சாட்சி சொன்னவர்கள் 353 பேர். அதில் 114 பேர் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், அமெரிக்கர். 239 பேர் இந்தியர். பெண்கள் வெறும் 35 பேர். காந்தியும் பதில் எழுதினார். தான் சினிமாவே பார்த்ததில்லை, ஆனால் அது செய்கிற தீங்கு வெளிப்படையாகத் தெரிகிறது என்பது அவர் பதிலின் சாரம். பார்க்காத படத்துக்குக் கருத்துச் சொல்வது நம் காலத்தின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். சாட்சிகள் பெரும்பாலும் அதிகாரிகள், தணிக்கைக்காரர்கள், ஆசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள், பட முதலாளிகள், தியேட்டர்காரர்கள். அதாவது, படிக்காதவனுக்கு என்ன பிடிக்கும் என்று படித்தவனிடம் கேட்டிருக்கிறார்கள். தரையில் உட்கார்ந்தவனைப் பற்றி நாற்காலியில் உட்கார்ந்தவன் பேசியிருக்கிறான். தமிழ் ரசிகனைப் பற்றி இன்றுவரை எழுதப்படுவதில் பாதி இந்த வகைதான்.

ஆனாலும் அந்த அறிக்கையில் தரையின் குரல் ஒரு ஓரத்தில் கசிகிறது. தியேட்டர்காரர்களுக்கு ரசனையைப் பற்றிக் கொள்கை கிடையாது, கல்லாப்பெட்டி உண்டு. அதனால் அவர்களுக்கு நிலவரம் தெரியும். இந்தியாவில் ஓடிய மேல்நாட்டுப் படங்களிலேயே அதிகம் கொண்டாடப்பட்டது டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த ‘பாக்தாத் திருடன்’ என்று அறிக்கை சொல்கிறது. தரை டிக்கெட்டுக்குச் சண்டைத் தொடர்ப்படங்கள், எட்டி போலோ. எல்லோருக்கும் சாப்ளின். இந்தியப் படம் எங்கே கிடைத்தாலும் கூட்டம். பிரிட்டிஷ் படத்துக்குத் தனிச்சலுகை தேவையில்லை, இந்தியப் படத்தை வளர்க்கப் பணம் ஒதுக்குங்கள் என்று குழு பரிந்துரைத்தது. எதிர்பார்த்த பதில் வராததாலோ என்னவோ, அரசு அறிக்கையைப் பரணில் போட்டுவிட்டது.

2

அந்தக் காலத்தில் படம் பார்ப்பதே ஒரு பேச்சுக் காரியம். திருச்சிப் பொன்மலையில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் படச்சுருளையும் வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். ஊமைப்படக் காலத்தில் திரையில் எழுத்து வரும். எழுத்துக் கூட்டத் தெரியாத கூட்டத்துக்கு அதனால் என்ன பயன்? அதற்காகவே கொட்டகையில் ஒருவர் நின்று, எழுத்தை வாசித்து, கதையை விளக்குவார். சும்மா வாசிப்பதோடு நிற்கமாட்டார். வில்லன் வந்தால் திட்டுவார், கதாநாயகன் குதிரையில் ஏறினால் கூட்டத்தை உசுப்பிவிடுவார். தமிழ் சினிமாவின் ஆரம்ப வரலாற்றைத் தேடித் தொகுத்த தியடோர் பாஸ்கரன் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

என்னைக் கேட்டால் தமிழின் முதல் சினிமா விமர்சகர் இவர்தான் என்பேன். படம் ஓடும்போதே கருத்துச் சொன்னவர். அவர் சொன்ன ஒரு வாக்கியம்கூட நம்மிடம் இல்லை.

1931 அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானது. படம் பேச ஆரம்பித்தது, விளக்குபவர் வேலையை இழந்தார். அவருடைய வேலையைக் கூட்டமே பங்கு போட்டுக்கொண்டது. விசில், கைதட்டு, “டேய், பின்னாடி பாருடா!” என்று திரையைப் பார்த்து ஒரு எச்சரிக்கை. படம் முடிந்து வெளியே வந்தால், அடுத்த ஆட்டத்துக்கு நிற்கிற வரிசையிலிருந்து அந்த நிரந்தரக் கேள்வி: “படம் எப்படிண்ணே?”

டிக்கெட்டோடு போட்டி போட்டு விற்றது பாட்டுப் புத்தகம். சாணித்தாளில் பாட்டு வரிகள், முன்னால் கதைச் சுருக்கம். கதையை முக்கியமான கட்டத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிப்பார்கள். அந்த மீதியைக் காசில்லாமல் கேட்க ஒரு வழி இருந்தது. பார்த்தவரைச் சொல்லச் சொல்வது. திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றுகிற வீடுகளில் இது ஒரு கலை. என் பெரியம்மா ஒருத்தி மதினிமார்களோடு தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே முழுப் படத்தையும் சொல்வாள். “அவன் வந்து நின்னாம்லா, இவ மொகத்தத் திருப்பிக்கிட்டா. எனக்கு அங்கனயே தெரிஞ்சு போச்சு, இவ சாவப்போறான்னு.” கதைக்கு நடுவே தீர்ப்பும் வந்துவிடும்: “கடேசில அந்தப் பிள்ளையக் கொன்னிருக்க வேண்டாம். படம் எடுத்தவனுக்கு ஈவு எரக்கம் கெடயாது.” கேட்டுக்கொண்டிருந்தவர்கள் படத்தைப் பார்க்காமலேயே அந்தத் தீர்ப்போடு சண்டை போடுவார்கள். கொல்லாவிட்டால் அவன் எப்படித் திருந்துவான் என்பாள் ஒரு மதினி.

கதை எப்படி முடிய வேண்டும், ஏன் என்பதைப் பற்றி இதைவிடத் தீவிரமான விவாதத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

3

அச்சில் வந்த விமர்சனம் வேறு ஒரு பாதையில் போனது. 1930களில் ஆனந்த விகடனில் கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆடல் பாடல் பகுதியை எழுதிவந்தார். கச்சேரியை விமர்சிக்கிற அதே கத்தி சினிமா மேலும் விழுந்தது. 1940களில் ‘பேசும் படம்’ வந்தது, சினிமாவுக்கென்றே வேறு பத்திரிகைகளும் பெருகின. கேள்வி பதில் பகுதிகளில் முதன்முறையாக ரசிகர்களின் பெயரும் ஊரும் அச்சாயின. கார்டில் எழுதிப்போட்ட ஒற்றை வரிக் கேள்விகள்தான். ஆனால் தன் பெயரை அச்சில் பார்ப்பதற்காக ஒரு கார்டு வாங்கிய மனிதனை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

இரண்டு பாதைகளும் எங்கே முட்டிக்கொண்டன என்று பார்க்க 1952 தீபாவளிக்குப் போக வேண்டும். ‘பராசக்தி’. பத்திரிகைகளில் ஒரு பகுதி கொதித்தது. கோயிலையும் பூசாரியையும் இழிவுபடுத்துகிறது, தடை செய்யுங்கள் என்ற குரல்கள். தினமணி கதிர் ‘பரப்பிரம்மம்’ என்று தலைப்பிட்டுக் கேலி செய்தது. தி.மு.க.காரர்கள் அந்தப் பெயரிலேயே நாடகம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். தரை டிக்கெட்டோ கட்டுரை எழுதிக்கொண்டிருக்கவில்லை. வசனத்தை மனப்பாடம் செய்தது. நீதிமன்றக் காட்சியை இசைத்தட்டில் கேட்டு, ஏற்ற இறக்கத்தோடு தெருவில் சொல்லிக்காட்டியது. ஒரு படத்தைப் பற்றிய கருத்தை இப்படியும் சொல்லலாம்: அதையே திரும்பச் சொல்வது.

தரை டிக்கெட் சொன்னதெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1954-இல் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ வந்தது. பாட்டே கிடையாது. ஒரு கொலை, பல பேர் பல விதமாகச் சொல்கிற கதை. பத்திரிகைகள் பாராட்டின, தேசிய விருது வரிசையில் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. கூட்டம் வரவில்லை. பாட்டில்லாத படத்துக்கு எதற்குக் காசு என்பது தரையின் தீர்ப்பு. இன்றைக்குத் தமிழின் முக்கியமான படங்களைப் பட்டியலிட்டால் அது இல்லாமல் இருக்காது. அந்த வாரம் கூட்டம் சொன்ன தீர்ப்பைக் காலம் மாற்றி எழுதியிருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் 1977. ‘16 வயதினிலே’ படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள், தயாரிப்பாளர் ராஜ்கண்ணு தானே வெளியிட்டார். கோமணம் கட்டிய கதாநாயகனைக் கூட்டம் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பரீட்சைத் தாள் மாதிரி மார்க் போட்டுக்கொண்டிருந்த விகடன் 62.5 கொடுத்தது. அந்த அரை மார்க் எனக்கு எப்போதும் சிரிப்பு மூட்டும். பள்ளிக்கூடம் நம் தலைக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தால், பரட்டையையும் மயிலையும் பார்த்துவிட்டு வந்து அரை மார்க்கைப் பற்றி யோசித்திருப்போம்! ஆனால் அந்த ஒருமுறை, நாற்காலியும் தரையும் ஒரே பதிலைச் சொன்னன.

4

சினிமாக் கொட்டகைதான் தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் என்று கார்த்திகேசு சிவத்தம்பி 1981-இல் எழுதினார். எங்கே உட்காருவது என்பதைச் சாதி தீர்மானிக்கவில்லை, கையில் இருந்த காசு தீர்மானித்தது என்பது அவர் வாதம். காசும் யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்று நாம் கேட்கலாம். இருந்தாலும் அவர் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. கச்சேரி சபாவுக்குள் கால் வைக்கமுடியாத ஒருவன், இங்கே சில அணாக்களைக் கொடுத்துக் கலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிற உரிமையை வாங்கிவிட்டான். நாற்காலிக்காரர்களுக்குக் கடைசிவரை பொறுக்காதது இந்த உரிமைதான்.

அந்தப் பொறுக்காமை நம் நல்ல எழுத்தாளர்களிடமும் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் ஜெயகாந்தன் ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ எழுதினார். சித்தாள் வேலை பார்க்கிற பெண்ணை ஒரு நடிகரின் மேல் உள்ள மோகம் எப்படிச் சிதைக்கிறது என்பது கதை. கோபம் நியாயமானது, கதையில் வேகம் உண்டு. ஆனால் படித்து முடித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் மிஞ்சியது. அந்தப் பெண்ணிடம் யாராவது உட்கார்ந்து, “படத்துல உனக்கு என்னம்மா புடிச்சுது?” என்று கேட்டிருந்தால்?

கேட்டவர் ஒருவர் இருந்தார். சாரா டிக்கி என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1980களின் நடுவில் மதுரையில் தங்கி, ஏழைக் குடும்பங்களோடும் ரசிகர் மன்றத்தாரோடும் பேசினார். 1993-இல் அது புத்தகமாக வந்தது. அவர் சந்தித்தவர்கள் திரையை நிஜம் என்று நம்பி ஏமாந்தவர்கள் இல்லை. நம் வாழ்க்கையில் இப்படியெல்லாம் நடக்காது என்று தெரிந்தே போனவர்கள். நடக்காததைப் பார்க்கத்தான் போனார்கள். அறுபது வருடம் முன்னால் ரங்காச்சாரியார் குழு கேட்டிருக்க வேண்டிய வாசலில், கடைசியில் வெளியூர்ப் பெண் ஒருத்தி வந்து கேட்க வேண்டியிருந்தது.

பெண்களின் கதை இதில் இன்னும் மோசம். பழைய பட விளம்பரங்களைப் புரட்டினால் “தாய்க்குலத்தின் பேராதரவு” என்று வாராவாரம் வரும. மேட்டினி நிரம்பியது அவர்களால். படம் நூறு நாள் ஓடுமா, ஏழாம் நாள் பெட்டி திரும்புமா என்று முடிவு செய்தது அவர்களின் வாய். ஆனால் அந்தத் தாய்க்குலத்தில் ஒரு தாய்கூடத் தன் பெயரோடு, தன் வாக்கியத்தோடு விளம்பரத்தில் இல்லை. ஆதரவு மட்டும் எண்ணப்பட்டது, கருத்து பதிவாகவில்லை. குழுவின் முன் வந்த அந்த 35 பெண்களோடு சேர்த்துப் பார்த்தால் இது ஒரு நீண்ட பழக்கம் என்று புரியும்.

5

2024 கடைசியில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் ஒரு கோரிக்கை வைத்தார்கள். முதல் காட்சி முடிந்து வெளியே வருபவரிடம் மைக்கை நீட்டுவதைத் தியேட்டர்கள் அனுமதிக்கக் கூடாது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். கருத்துச் சொல்கிற உரிமையைச் சொல்லி, இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

தயாரிப்பாளர்கள் சொன்னதில் ஒன்றுமே இல்லை என்று ஒதுக்கமாட்டேன். கோடிக்கணக்கில் கடன் வாங்கி எடுத்த படத்தை ஒருவன் வியூஸுக்காகக் காலி செய்கிறான் என்ற வயிற்றெரிச்சல் புரிகிறது. காசு வாங்கிக்கொண்டு புகழ்வதும், காசு வராததால் திட்டுவதும் நடக்கிறது. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். 1927-இல் துரைமார்கள் பயந்தது எதற்கு? தரையில் உட்கார்ந்தவன் என்ன நினைப்பானோ என்று. 2024-இல் முதலாளிகள் பயந்தது? அவன் நினைப்பதை வெளியே சொல்லிவிடுகிறானே என்று. அவன் காசு வேண்டும், விசில் வேண்டும், வாய் மட்டும் வேண்டாம்.

என் குறை வேறு. இன்றைக்குத் தரை டிக்கெட்டின் குரல் முதன்முறையாக ஆயிரக்கணக்கில் பதிவாகிறது. ஆனால் மைக் நீட்டுபவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று, ஒதுக்குகிற நேரம் பத்து விநாடி. “ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே ப்ரோ, செகண்ட் ஹாஃப் லேக்.” நூறு பேரிடம் கேட்டாலும் இதே வாக்கியம்தான் வருகிறது. மக்களுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை என்பதால் அல்ல. அதற்கு மேல் யாரும் காத்திருப்பதில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஏன் இழுவைன்னு தோணுச்சு? அந்தப் பிள்ளையக் கொன்னிருக்கணுமா, வேண்டாமா? பதில் சொல்ல ஆள் இருக்கிறது. பீடித் தட்டுக்கு முன்னால் மூன்று மணி நேரம் நடந்த அந்த விவாதத்தைச் செய்தவர்களின் பேத்திகள்தான் இன்று அந்த வாசல் வழியாக வெளியே வருகிறார்கள்.