இடம்பெயர்ந்த வீடுகள்

அரும்பொருட்சாலை என்றவுடன் கண்ணாடிப் பேழையும் அதனுள் உறங்கும் நாணயமும் செப்பேடுமே நம் நினைவில் எழும். கொல்லனின் பட்டறையையும் உழவனின் வீட்டையும் எப்பேழையுள் வைப்பது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் சுவீடன் நாட்டு ஆர்தர் ஹாசேலியஸ். ஆலைத்தொழில் பெருகிக் குடியானவர் ஊர்விட்டகன்ற காலத்தில், அவர் பழைய பண்ணை வீடுகளைக் கழற்றிக் கொணர்ந்து, 1891 ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் நகரில் ஸ்கான்சன் என்னும் திறந்தவெளி அரும்பொருட்சாலையைத் தொடக்கினார். நோர்வேயில் மன்னர் இரண்டாம் ஒஸ்கார் சில கட்டடங்களை முன்னரே திரட்டியிருந்தாரெனினும், பெயர் நிலைத்தது ஸ்கான்சனுக்கே.

அந்நாட்டு வீடுகள் மரத்தை அடுக்கிக் கட்டியவை. மரங்களுக்கு இலக்கமிட்டுப் பிரித்து, வேறோரிடத்தில் அவ்வரிசையிலேயே அடுக்கிவிடலாம். மண்சுவரையும் ஓலைக்கூரையையும் அவ்வாறு கொண்டுசெல்லல் இயலுமோ?

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996 ஆம் ஆண்டு திசம்பரில் திறக்கப்பெற்ற தட்சிணசித்ரா இவ்விடர்ப்பாட்டை நேரே எதிர்கொண்டது. டெபோரா தியாகராஜன் அம்மையார் 1984 இல் தொடங்கிய மதராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இதனை நிறுவிற்று. பத்து ஏக்கர் நிலத்தில் இதற்குத் திட்டம் வகுத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து சிரிய கிறித்தவர் வீடொன்று இங்கு வந்துள்ளது. அது மரவீடாதலின் கழற்றிப் பூட்டுதற்கு இசைந்தது. செட்டிநாட்டு வீட்டின் தூணும் கதவும் அவ்வாறே வந்து சேரலாம். ஆயின் ஆந்திரக் கடற்கரையின் வட்டக் குடிசையை நோக்குமின்! சூறாவளிக்கு அஞ்சி வட்டமாய்ச் சுவரெழுப்பி, கூரையை நிலத்தருகே தாழ்த்திய அவ்வீட்டின் மண்ணைச் சுமந்துவந்து பயனென்? மண்ணைப் பிசைந்து மீண்டும் எழுப்பவும் கூரையை மீண்டும் வேயவும் அறிந்த கை வேண்டும். ஆகவே இங்குக் காக்கப்படுவது பழம்பொருள் மட்டுமன்று. அதனைச் செய்யுந் தொழிலுமாம். குயவரும் நெசவாளரும் அங்கிருந்து தொழில் செய்தலை வெறும் வேடிக்கை என்பார் உளர். அக்கூற்றை யான் ஏலேன். தொழில் ஒழிந்தபின் மண்வீடு நான்கு மழைக்குத் தாங்காது.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. வெள்ளவத்தையூடாகச் செல்லும் காலி வீதியிலேயே தெற்கு நோக்கிப் போவோமாயின், காலிக்கு அப்பால் கொக்கலையை அடைவோம். இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தளத்துக்காக அவ்வூர் மக்கள் எழுப்பப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு எஞ்சியது. அவர் 1976 இல் மறைந்தபின், அவ்வீட்டைச் சூழ்ந்த தோட்டத்தில் 1981 இல் நாட்டார் அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. உழுகருவி, வண்டி, மட்கலம், மீன்பிடி கருவி முதலியன அங்குள. ஸ்கான்சனுக்கு வீடுகள் பெயர்ந்து வந்தன. இங்கோ ஊர் பெயர்ந்துபோக, வீடு நின்றது.

இதனைக் காணும் யாழ்ப்பாணத்தவர் எவரும் பலாலியை நினையாதிரார். அங்கும் அப்போர்க் காலத்திலேயே விமானத் தளம் அமைந்தது. பின்னர் 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். பல்லாண்டு கழித்துத் திரும்பியோருட் பலர் வீட்டைக் கண்டிலர், வெறுநிலத்தையே கண்டனர். 2020 இல் நாவற்குழியில் திறக்கப்பெற்ற சிவபூமி அரும்பொருட்காட்சியகம் பழைய புழங்குபொருள்களைத் திரட்டியது நற்பணியே. ஆயின் பொருள் புழங்கிய இடம்? நாற்சார் வீட்டின் முற்றம், வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கிய சங்கடப்படலை, செக்கு சுழன்ற கொட்டில், புகையிலையைப் புகையூட்டிப் பதப்படுத்திய குடில், துலா மிதித்த கிணற்றடி: இவற்றுட் பெரும்பாலன பனைமரமும் ஓலையும் மண்ணுமாய் நின்றவை. ஓலை சில ஆண்டில் உக்கும்; ஆகையால் வேய்வோன் கையே அவற்றின் ஆயுள். அளந்து வரைபடமெழுதி வைத்தல் நன்றேயெனினும், கிடுகு பின்னவும் கூரை வேயவும் வல்ல முதியோர் உள்ளபோதே இளையோர் சிலரை அவரிடம் பழகவிடுதல் அதனினும் விரைந்து செயற்பாலது.

கல்லாற் கட்டியவற்றுள் பருத்தித்துறைத் தெருமூடிமடம் இன்றும் நிற்கின்றது. தெருவின் இருமருங்கும் திண்ணையும் கற்றூணும் இருக்க, மேலே கூரை மூடிநிற்க, அதனடியில் ஊரவர் இன்றும் போய்வருகின்றனர்.