கால்டாம் மாநாடு

தனிநிலைக் கணிதத்துக்கும் அதன் அல்காரிதம்களுக்குமாக இந்தியாவில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் கூடும் ஆய்வு மாநாடு. முதல் மாநாடு 2015இல் கான்பூர் ஐஐடியில் நடந்தது. பிறகு திருவனந்தபுரம், கோவா, குவாஹாட்டி என ஊர் மாறிக்கொண்டே வருகிறது. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைப் பக்கத்து ஆய்வு மாணவருக்கு மிக அருகில் வந்தது 2022இல், புதுச்சேரிக்கு. 2025 பிப்ரவரி 13 முதல் 15 வரை கோவையில் கூடியது. தேர்வாகும் கட்டுரைகளை ஸ்பிரிங்கர் நிறுவனம் நூலாக்குகிறது.

பேசப்படுவதில் பெரும்பங்கு கோட்டுருவியலும் சேர்ப்பியலும்தான். ஒரு மாதிரிக் கேள்வி: கல்வராயன் மலை ஊர்களைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் வரைந்துகொள்வோம். எந்த ஊரானாலும் அங்கேயோ, ஒரு கோடு தள்ளியோ ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும். குறைந்தது எத்தனை வேண்டும்? ஒரே சாலையில் வரிசையாக 9 ஊர் என்றால் 3 போதும்: 2, 5, 8ஆம் ஊர்களில் நிறுத்தினால் சரி. சுற்றுப்பாதை இல்லாமல் கிளைவிட்டுப் போகும் சாலைகளுக்கும் விடை விரைவில் கிடைத்துவிடும். (மலைச்சாலைகள் பெரும்பாலும் அப்படித்தான்.) குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய சமவெளிச் சாலைகளுக்கோ வேகமான பொதுவழி எதையும் இன்றுவரை யாரும் கண்டதில்லை. ஆதிக்கக் கணம் எனப்படும் இந்தக் கேள்வியின் கிளைவடிவங்களே இத்துறையில் ஏராளம்.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு இன்னொரு முகவரி, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகம். கோட்டுருவியலுக்கும் சேர்ப்பியலுக்குமாக 2004 முதல் அது ஓர் ஆய்விதழை நடத்துகிறது.