சாகாத ஆடுகளின் கணக்கு

அசலைத் தொடாமல் அதன் வருவாயில் மட்டும் செலவு செய்வது வங்கிகள் வந்து நமக்குக் கற்றுத்தந்த பாடம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அதை மறுக்கின்றன. அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்குக் கொடையாக 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகலாம், கணக்கு சாகாது. அதனால்தான் கல்வெட்டுகள் இந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்றன. காசாகக் கொடுத்த அறக்கொடைகளும் இப்படித்தான். கோயில் பணத்தைக் கடனாகப் பெற்ற ஊர்ச்சபைகள் காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு வட்டி கட்டின. இன்றைய கணக்கில் 12.5 சதவீதம்.

இது அரசகுலமும் அதிகாரிகளும் போட்ட கணக்கு, எளியவருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். கொடை அவர்களுடையது என்பது உண்மைதான். ஆனால் கணக்கை அன்றாடம் சுமந்தவர் இடையர். குட்டிகளால் மந்தை பெருகினால் உபரி அவருக்கு. நோயில் ஆடுகள் மடிந்தாலும் நெய் குறையக் கூடாது. அசல், வருவாய், இடர் மூன்றையும் அவர் பட்டியிலேயே எண்ணிப் பார்த்திருப்பார். எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.