யாருக்கு முதல் ஊசி? ஒரு பட்டியல் பிறந்த கதை

செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் இடையே பத்து கிலோமீட்டர்கூடக் கிடையாது. ஆனாலும் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் மண். தென்காசியும் குற்றாலமும் திருநெல்வேலிச் சீமை. இரண்டு பக்கமும் தமிழ் பேசும் ஊர்கள்தாம். இரண்டு பக்கமும் பெரியம்மை வந்தால் வாசலில் வேப்பிலை செருகி, "அம்மா வந்திருக்கா" என்றுதான் சொன்னார்கள். ஊசியைப் பொறுத்தவரை மட்டும் இரு பக்கமும் சட்டம் வேறு.

1879-இல் திருவிதாங்கூரில் ஓர் அரச விளம்பரம் வெளியானது. அரசு ஊழியர்கள், சிறைக் கைதிகள், பள்ளி மாணவர்கள் ஆகியோர் கட்டாயம் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்றது அது. மறு ஆண்டே, 1880-இல், பிரிட்டிஷ் இந்தியாவில் தடுப்பூசிச் சட்டம் வந்தது. அது நகராட்சிகளையும் கண்டோன்மெண்டுகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

இந்தப் பட்டியல்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். குமாஸ்தா, கைதி, மாணவன், நகரவாசி. பெரியம்மை இவர்களைத் தேடி முதலில் வந்ததா? இல்லை. அது அதிகம் வாரிக்கொண்டு போனது சின்னக் குழந்தைகளை. பிறகு ஏன் இவர்கள்? குமாஸ்தாவின் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. கைதியின் பெயர் சிறைப் பதிவேட்டில் இருந்தது. மாணவனின் பெயரை வாத்தியார் தினமும் கூப்பிட்டார். அரசாங்கத்தின் கை எட்டும் இடத்தில் இவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். ஊசிக்கு யார் உரியவர் என்ற விதி நம் பக்கத்தில் பிறந்த விதம் இது. 2021-இல் கொரோனா ஊசிக்கு நாம் பார்த்த பட்டியலுக்கும் இந்தப் பிறப்பின் சாயல் உண்டு என்று நினைக்கிறேன்.

இன்னும் முன்னால் போனாலும் கதை மாறவில்லை. இந்தியாவில் முதல் அம்மைப்பால் ஊசி பம்பாயில் 1802 ஜூன் 14 அன்று ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குப் போடப்பட்டது. வேலைக்காரி ஒருத்தியின் மகள் அவள். அந்தக் காலத்தில் மருந்தைக் குப்பியில் அடைத்துக் கெடாமல் கொண்டுபோக நம்பகமான வழி இல்லை. ஒரு கையில் எழும்பும் கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த கையில் குத்தினால்தான் மருந்து உயிரோடு இருக்கும். ஆகவே மருந்து ஊர் விட்டு ஊர் போக வேண்டுமென்றால் பிள்ளைகளும் போக வேண்டும். 1803-இல் ஸ்பெயின் அரசு அமெரிக்கக் கண்டத்துக்கு இந்த மருந்தைக் கப்பலில் அனுப்பியபோது, அதைத் தம் கைகளில் சுமந்து போனவர்கள் 22 அநாதைச் சிறுவர்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. முதல் ஊசி யாருக்கு என்ற கேள்விக்கு உலகம் சொன்ன முதல் பதில்களில் ஒன்று, மறுக்க வழியில்லாதவர்களுக்கு என்பது.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாடு வேறொரு வழியைக் கண்டது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1985-இல் அனைவருக்கும் நோய்த்தடுப்புத் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் ஊசிக்கிழமை. துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் இருப்பார். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒருவர், மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது, எந்த ஊசி பாக்கி என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். தாய் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வராத தாயைத் தேடிக்கொண்டு, "ஏளா, பிள்ளைக்கு ஊசி போட்டியா?" என்று நர்சம்மாவே தெருவுக்குள் வந்துவிடுவார். நிரூபிக்கும் சுமை அரசின் தோளில் இருந்தது. இதைவிட நியாயமான ஊசி விதியை நான் பார்த்ததில்லை. அதை எழுதியவர்கள்கூட அது ஒரு பெரிய நீதி என்று நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள்.

பிறகு கொரோனா வந்தது.

2020 ஆகஸ்டில், ஊசி கைக்கு வரும் முன்பே, வி.கே. பால் தலைமையில் ஒரு தேசிய நிபுணர் குழு அமைக்கப்பட்டது. நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்கள், கையில் கொஞ்சம் மருந்து. யார் முதலில்? ஒரு கோடி மருத்துவப் பணியாளர்கள், இரண்டு கோடி முன்களப் பணியாளர்கள், அடுத்து 27 கோடி மூத்தவர்களும் இணைநோய் உள்ளவர்களும் என்று கணக்குப் போட்டார்கள். பிரிட்டன் வயதைப் பிடித்துக்கொண்டது. 2020 டிசம்பர் 8-ஆம் தேதி அங்கே முதல் ஊசி 90 வயதுப் பெண்மணி ஒருவருக்கு. இந்தோனேசியா தலைகீழாக, 18 முதல் 59 வரை உள்ள உழைக்கும் வயதினரிடம் தொடங்கியது. நம் நாட்டில் 2021 ஜனவரி 16 அன்று டெல்லி எய்ம்ஸில் ஒரு தூய்மைப் பணியாளருக்கு முதல் ஊசி. அன்றே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தமிழ்நாட்டுக்கான தொடக்கம். அந்த முதல் வரி மிகச் சரியான வரி. நோயாளியின் அருகில் நிற்பவருக்கு முதலில் என்பதை எந்த ஊர்ச் சபையில் வைத்தாலும் மறுக்க ஆள் இருந்திருக்காது.

சிக்கல் அடுத்த வரியில் வந்தது. மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், 45 முதல் 59 வரை இணைநோய் உள்ளவர்களுக்கும் ஊசி. வயது வரம்பை நான் குறை சொல்ல மாட்டேன். கொரோனாவால் இறந்தவர்களில் நூற்றுக்கு 88 பேர் 45 வயதைத் தாண்டியவர்கள் என்று அரசே கணக்குச் சொன்னது. ஏழைக்கும் பணக்காரருக்கும் வயது ஒரே மாதிரிதான் ஏறும். ஓர் அட்டையைக் காட்டினால் போதும். இணைநோய் அப்படியல்ல. இருபது நோய்கள் கொண்ட ஒரு பட்டியல் வெளியானது. சர்க்கரை என்றால் பத்தாண்டுக்கு மேலாக இருக்க வேண்டும், அல்லது வேறு உறுப்பைத் தாக்கியிருக்க வேண்டும். அதோடு சிகிச்சையில் உள்ள ரத்த அழுத்தமும் வேண்டும். இதற்குப் பதிவுபெற்ற மருத்துவர் ஒருவரின் சான்றிதழ்.

இப்போது தென்காசி மாவட்டத்தின் கடையம், ஆலங்குளம் பக்கத்துத் தெருக்களை நினைத்துப் பாருங்கள். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், காலையிலிருந்து பீடி சுற்றும் பெண்கள். புகையிலைத் தூள் மூச்சோடு போகிறது. உட்கார்ந்தே கழியும் நாள். ஐம்பது வயதில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கலாம். ஆனால் பத்தாண்டாகச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்ல, பத்தாண்டுக்கு முன்னால் அவர் ரத்தம் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். ஆண்டுதோறும் முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளும் வசதியுள்ளவருக்கு மருந்துச் சீட்டுகள் கோப்பாகவே இருக்கும். நோய் இருவருக்கும் உண்டு. நோயின் வரலாறு ஒருவருக்குத்தான் உண்டு. பட்டியல் வரலாற்றைக் கேட்டது. ஒரே மாதத்தில், ஏப்ரல் 1 அன்று, 45 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் என்று விதி மாறியது. நல்ல மாற்றம். சான்றிதழ் கேட்காமலேயே தொடங்கியிருக்கலாம்.

அந்த ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. சங்கரன்கோவில் வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நடிகர் விவேக், மக்களின் பயத்தைப் போக்கவே 15-ஆம் தேதி சென்னையில் ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று பின்னர் ஆய்வுக் குழு சொன்னது. அதற்குள் பயம் வீடு வீடாகப் போய்விட்டது. அவரை நம் ஊர்ப் பிள்ளை என்று கொண்டாடிய மாவட்டம் இது. பட்டியலில் இடம் இருந்தும் போகாமல் இருந்தவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

சில நாட்களிலேயே இரண்டாம் அலை எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. பயந்தவர்களும் ஊசி கேட்டு வந்தபோது ஊசி இல்லை. அப்போதுதான், மே 1 முதல், 18 முதல் 44 வரை உள்ளவர்களுக்குக் கதவைத் திறந்தார்கள். திறந்த கதவுக்குப் பூட்டு செல்போனில் இருந்தது. கோவின் தளத்தில் முன்பதிவு செய்தால்தான் ஊசி. தளம் ஆங்கிலத்தில் இருந்தது. மருந்தில் பாதி மட்டும் ஒன்றிய அரசுக்கு. கால் பங்கு மாநிலங்களுக்கு, கால் பங்கு தனியார் மருத்துவமனைகளுக்கு. கோவிஷீல்டு மாநிலத்துக்கு 300 ரூபாய், தனியாருக்கு 600 ரூபாய். கோவாக்சின் தனியாருக்கு 1,200 ரூபாய். நாடு முழுக்க நகரத்து இளைஞர்கள் கணினி முன்னால் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்து, தொலைவில் உள்ள சிற்றூர் மையங்களின் இடங்களைப் பிடித்தார்கள். அந்தச் சிற்றூரில் இருந்தவர், தன் தெருவுக்கு வந்த ஊசி அடுத்த மாவட்டத்துக்காரர் கையில் ஏறுவதைப் பார்த்தார். முன்பதிவு செய்தவர் மேல் தப்பில்லை. ஊசி வேண்டும் என்று நினைப்பது எல்லாருக்கும் உள்ள உரிமை. விதியை எழுதியவர்கள் யாரை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றமே எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், எல். நாகேஸ்வர ராவ், எஸ். ரவீந்திர பட் ஆகியோர் 2021 மே 31-ஆம் தேதியிட்ட உத்தரவில், முதல் இரு கட்டத்தினருக்கு இலவசமாகப் போட்டுவிட்டு 18 முதல் 44 வயதினரிடம் பணம் கேட்கும் கொள்கை மேலோட்டமான பார்வையிலேயே தன்னிச்சையானது, காரணமற்றது என்றார்கள். இணையம் இல்லாத வீடுகள் என்ன செய்யும் என்றும் கேட்டார்கள். ஜூன் 7 அன்று பிரதமர் கொள்கையை மாற்றி அறிவித்தார்; ஜூன் 21 முதல் 18 வயது நிறைந்த எல்லாருக்கும் அரசு மையங்களில் இலவசம். கோவின் தளம் ஜூன் தொடக்கத்தில் பல மொழிகளைச் சேர்த்தபோது முதலில் தமிழ் இல்லை. குரல் எழுந்த பிறகே தமிழ் வந்தது.

அடையாள அட்டையே இல்லாதவர்களுக்கு மே மாதத்தில் தனி வழிமுறை வந்தது. நாடோடிகள், எல்லாச் சமயத் துறவிகள், சிறைவாசிகள், மனநலக் காப்பக வாசிகள், முதியோர் இல்லத்தவர், தெருவோரம் பிச்சை எடுப்பவர்கள் என்று அந்த வழிமுறை பெயர் சொன்னது. குற்றாலத்தின் மண்டபங்களிலும் அருவிக்கரைகளிலும் தங்கும் சாமியார்களுக்கு ஆதார் எது, செல்போன் எது? அவர்களை அழைத்து வரும் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துடையது என்று அது சொன்னது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த ஆவணம் இதுதான். ஏட்டில் இல்லாதவரை, நீ ஏட்டில் இல்லை என்று திருப்பி அனுப்பாமல், ஏட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போகச் சொன்னது. மூன்று மாதம் முன்னால் வந்திருக்கலாம்.

தமிழ்நாடு அரசும் மே 20 அன்று திருப்பூரில் இளையோருக்கான ஊசியைத் தொடங்கியபோது தன் பட்டியலைத் தானே எழுதியது. பால், செய்தித்தாள் போடுகிறவர்கள், நடைபாதை வியாபாரிகள், மருந்துக்கடை ஊழியர்கள், ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்கள், பேருந்து ஓட்டுநர் நடத்துநர்கள், மின்வாரியத்தார், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு முன்னுரிமை. குற்றாலத்துக்கு இதன் அருமை தெரியும். 2020, 2021 என்று இரண்டு சாரல் காலங்களும் அருவிக் குளியலுக்குத் தடை. பழக்கடைக்காரர், எண்ணெய் தேய்த்துவிடுபவர், லாட்ஜ் பையன், ஆட்டோக்காரர் என்று ஒரு ஊரே வருமானம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அருவி திறந்தால் எந்த ஊர்க்காரரோடும் தோள் உரசி நிற்க வேண்டியவர்கள் இவர்கள். ஒன்றிய அரசின் முன்களப் பணியாளர் பட்டியலில் இவர்களுக்கு இடம் இருந்ததில்லை. மாநிலப் பட்டியலில் நடைபாதை வியாபாரி என்றும் ஓட்டுநர் என்றும் ஒரு சிலருக்காவது பெயர் கிடைத்தது.

ஆகஸ்டில் விதி மறுபடி முகம் மாறியது. கேரளாவிலிருந்து வருபவர்கள் ஆகஸ்ட் 5 முதல் ஆர்டி-பிசிஆர் சான்று காட்ட வேண்டும் என்று தமிழ்நாடு சொன்னது. இரண்டு தவணை போட்டு 14 நாள் ஆனவர்களுக்கு விலக்கு. புளியரைச் சோதனைச் சாவடியில் ஊசிச் சான்றிதழ் வழிச்சீட்டாகிவிட்டது. புனலூர், கொல்லம் பக்கம் கூலி வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடையே அப்போது 12 முதல் 16 வாரம் இடைவெளி. ஜூன் கடைசியில் முதல் ஊசி கிடைத்தவர் செப்டம்பர் கடைசி வரை இரண்டாவதைக் கேட்கக்கூட முடியாது. தாமதமாக உள்ளே விடப்பட்டவரிடம், ஏன் தாமதம் என்று கேட்பதுபோல் இருந்தது அது. நவம்பரில் தமிழ்நாட்டில் பொது இடங்களுக்கு வர ஊசி கட்டாயம் என்று 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் உத்தரவு வந்தது. மே மாதத்தில் வேண்டும் என்று கேட்டும் கிடைக்காத ஊசி, ஆறே மாதத்தில் போட்டே ஆக வேண்டிய ஊசியாகிவிட்டது. யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஜேக்கப் புலியேல் வழக்கில் சொன்னது 2022 மே 2 அன்று.

நடுவில் நடந்த நல்லதையும் சொல்லியாக வேண்டும். 2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாடு முழுக்க 40,000 இடங்களில் மெகா முகாம். 20 லட்சம் இலக்கு. போட்டது 28 லட்சத்துக்கும் மேல். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, பேருந்து நிலையம் என்று ஊசி ஊருக்குள் வந்தது. புதன்கிழமை நர்சம்மாவின் பழைய முறைதான், பெரிய அளவில். அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கப்பட்டன. மார்ச்சில் ஒன்றிய அரசின் விதி சான்றிதழ் கொண்டு வா என்றது; ஆகஸ்டில் மாநில அரசு கருவியை எடுத்துக்கொண்டு வந்தது. இந்த இரண்டு மாதங்களின் வரிசை மட்டும் மாறியிருந்தால், பீடித் தெருக்களில் எத்தனை பேருக்கு முன்கூட்டியே ஊசி போய்ச் சேர்ந்திருக்கும்!

2022 ஏப்ரல் 10 முதல் 18 வயதைக் கடந்தவர்களுக்கு முன்னெச்சரிக்கைத் தவணை என்ற மூன்றாவது ஊசி வந்தது. 60 வயதுக்குக் கீழே உள்ள பொதுமக்களுக்கு அது தனியார் மருத்துவமனைகளில் மட்டும். ஊசிக்கு 225 ரூபாய், சேவைக் கட்டணம் 150 ரூபாய் வரை. ஆயிரம் பீடி சுற்றி அன்று கிடைத்த கூலி அதற்கு எட்டவில்லை. மூன்று மாதம் கழித்து, ஜூலை 15 முதல் 75 நாட்களுக்கு அரசு மையங்களில் அதுவும் இலவசமாக்கப்பட்டது. அதற்குள் ஊசி கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.