மேசைமேல் முப்பது நோட்டுகள்

1899 ஜனவரி 10. அமெரிக்காவின் வடமேற்கில் மலையும் பனியுமாகக் கிடக்கும் மொன்டானா மாநிலம், தலைநகர் ஹெலனா. சட்டமன்றத்தின் இரு அவைகளும் கூடியிருக்க, ஃபிளாட்ஹெட் மாவட்டத்து உறுப்பினர் ஃபிரெட் ஒயிட்சைட் சில உறைகளைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே ஆயிரம் டாலர் நோட்டுகள். எண்ணினால் முப்பது. வில்லியம் கிளார்க்குக்கு ஓட்டுப் போடுவதற்காக அவருடைய ஆட்கள் கொடுத்த பணம் இது என்றார் ஒயிட்சைட். விலைபோகச் சம்மதித்தவர்போல் நடித்து, வாங்கிய பணத்தையே சாட்சியாக்கிவிட்டார். அந்த உறைகளில் ஒன்று மேடிசன் மாவட்ட உறுப்பினருக்கு உரியது. அவர் பெயரும் கிளார்க்தான். சொந்தமில்லை, வெறும் பெயர் ஒற்றுமை.

அன்றைய அமெரிக்காவில் செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. நம் மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடுகிறார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி, மாநிலச் சட்டமன்றம்தான் செனட்டரை அனுப்பும். ஆக, லட்சக்கணக்கான வாக்காளர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. நூறுக்கும் குறைவான பேரைச் சரிக்கட்டினால் போதும்.

முதல் வாக்கெடுப்பில் கிளார்க்குக்கு விழுந்தது 7 ஓட்டு. கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். முடியவில்லை. விசாரித்த கிராண்ட் ஜூரி போதிய ஆதாரம் இல்லை என்று கையை விரித்தது. பணத்தைக் காட்டிய ஒயிட்சைட்டின் சொந்தத் தேர்தல் வெற்றியே செல்லாது என்று சொல்லி அவரை அவையை விட்டு வெளியேற்றினார்கள். ஜனவரி 28-ஆம் தேதி, பதினெட்டாவது வாக்கெடுப்பில், கிளார்க்குக்கு 54 ஓட்டு. அவர் ஜனநாயகக் கட்சிக்காரர். அந்த 54-இல் குடியரசுக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். பணத்துக்குக் கட்சி ஏது?

யார் இந்த கிளார்க்? பென்சில்வேனியாவில் 1839-இல் பிறந்து, 1863-இல் தங்கம் தேடி மொன்டானாவுக்கு வந்தவர். தங்கம் தோண்டியதைவிடத் தோண்டுகிறவர்களுக்குச் சாமான் விற்றதிலும் வட்டிக்குக் கொடுத்ததிலும் அதிகம் பார்த்தார். பிறகு பியூட் நகரத்துச் செம்புச் சுரங்கங்கள் அவர் கைக்கு வந்தன. தந்தியும் மின்சாரமும் பரவிய காலம். கம்பிக்குச் செம்பு வேண்டும். பியூட் மலையை உலகிலேயே பணக்கார மலை என்று அழைத்தார்கள்.

அதே மலையில் இன்னொரு ராஜா, அயர்லாந்திலிருந்து வந்த மார்கஸ் டேலி, அனகொண்டா கம்பெனியின் தலைவர். இவர்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். 1888-இல் கிளார்க் தேர்தலில் தோற்றார். டேலிதான் காலை வாரிவிட்டார் என்பது கிளார்க்கின் முடிவு. 1894-இல் தலைநகர் எது என்று மக்கள் வாக்களித்தபோது, டேலி தான் உருவாக்கிய அனகொண்டா ஊருக்காகக் காசை இறைத்தார், கிளார்க் ஹெலனாவுக்காக இறைத்தார். இரண்டாயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் ஹெலனா வென்றது. கிளார்க்கை மட்டும் வில்லனாக நிறுத்தினால் அது பாதி வரலாறு. 1899 ஊழலை வாஷிங்டன்வரை இழுத்துப் போனதும் டேலி தரப்புதான். நேர்மைப் பற்றினால் அல்ல, பழைய பகையால்.

வாஷிங்டனில் செனட்டின் தேர்தல் விசாரணைக் குழு சாட்சிகளை அழைத்தது. கிளார்க்குக்கு ஓட்டுப் போட்ட உறுப்பினர்களில் சிலருடைய அடமானக் கடன் தீர்ந்திருந்தது, சிலருக்குப் பண்ணை வாய்த்திருந்தது. கிளார்க்கின் தேர்வு செல்லாது என்று குழு ஒருமனதாகச் சொன்னது. 1900 மே 15 அன்று, செனட் நீக்குவதற்குமுன் கிளார்க் தானே ராஜினாமா செய்தார்.

இங்கேதான் நாடகத்தின் உச்சக் காட்சி. மொன்டானா ஆளுநர் ராபர்ட் ஸ்மித் கிளார்க்கின் எதிரி. அவரை ஏதோ வழக்கு வேலை என்று கலிபோர்னியாவுக்கு நகர்த்தியிருந்தார்கள். ஆளுநர் ஊரில் இல்லாத நேரம் பார்த்துப் பொறுப்பிலிருந்த துணை ஆளுநர் ஸ்பிரிக்ஸ், காலியான இடத்துக்கு ஒருவரை நியமித்தார். யாரை? அதே கிளார்க்கை. ஸ்மித் திரும்பி வந்து நியமனத்தை ரத்துசெய்து வேறொருவரை நியமிக்க, செனட் இருவரையுமே உட்காரவிடவில்லை. ஆனால் கிளார்க் சளைக்கவில்லை. அடுத்த சட்டமன்றம் 1901-இல் அவரைத் தேர்ந்தெடுத்தது. 1907 வரை முழுப் பதவிக்காலம் செனட்டராக இருந்தார்.

இதற்குள் டேலி இறந்திருந்தார். அவருடைய கம்பெனி, ஸ்டாண்டர்டு ஆயில் ஆட்கள் தொடங்கிய அமால்கமேட்டட் காப்பர் என்ற பெருநிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. அதை எதிர்த்து நின்றவர் ஹைன்ஸ் என்ற இளைஞர். நிலத்தின் மேற்பரப்பில் யார் இடத்தில் கனிமப் படுகை தலைகாட்டுகிறதோ, அவர் அதைப் பின்தொடர்ந்து பக்கத்து நிலத்துக்கு அடியிலும் தோண்டலாம் என்று அன்று சட்டம் இருந்தது. எந்தப் படுகை எங்கே தொடங்குகிறது என்று தீர்ப்பவர் நீதிபதி. நீதிபதியோ தேர்தலில் வருகிறவர். ஹைன்ஸ் சுரங்கத்தோடு நீதிமன்றத்திலும் முதலீடு செய்தார். 1903 அக்டோபரில் நீதிபதி கிளான்சி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும், அமால்கமேட்டட் மொன்டானாவில் தன் வேலைகள் அத்தனையையும் நிறுத்தியது. பனிக்காலம் தொடங்கும் நேரத்தில் பல்லாயிரம் பேருக்கு வேலை போனது. நீதிபதியை மாற்றக் கோரும் உரிமையைச் சட்டமாக்கினால்தான் கதவு திறக்கும் என்றது கம்பெனி. ஆளுநர் டூல் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. கேட்ட சட்டம் நியாயமானதாகவே இருக்கலாம்; கேட்ட விதம்தான் மக்கள் மனத்தில் தங்கியது. மொன்டானாவின் கழுத்தில் செம்புப் பட்டை மாட்டியிருக்கிறது என்று அந்த ஊரில் ஒரு பேச்சே உண்டு.

சட்டமன்றம் தன்னைத்தானே திருத்திக்கொள்ளாது என்று மக்களுக்குத் தெரிந்துவிட்டது. 1906-இல் மாநில அரசியல் சட்டத்தில் செய்த ஒரு திருத்தத்தின் மூலம், மனுவில் கையெழுத்துச் சேகரித்துச் சட்டத்தை நேரடியாக வாக்குக்கு விடும் உரிமை கிடைத்திருந்தது. அதைப் பயன்படுத்தி 1912 நவம்பரில் தேர்தல் ஊழல் தடுப்புச் சட்டத்தை மக்களே இயற்றினார்கள். ஒரு வேட்பாளரை ஜெயிக்க வைக்கவோ தோற்கடிக்கவோ எந்தக் கம்பெனியும் பணம் கொடுக்கக் கூடாது. அடுத்த ஆண்டே, செனட்டர்களை மக்களே தேர்ந்தெடுக்க வகைசெய்யும் 17-ஆவது திருத்தம் அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஏறியது. கிளார்க் விவகாரம் அதற்கு ஒரு தூண்டுகோல்.

சட்டம் வந்த மறுநாளே பட்டை கழன்றுவிழவில்லை. மாநிலத்தின் முக்கிய நாளிதழ்கள் பல 1959 வரை அனகொண்டா கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தன. ஓட்டை வாங்க முடியாதவர்கள் செய்தியை வைத்திருந்தார்கள். ஆனாலும் சட்டம் ஒரு நூற்றாண்டு தாங்கியது.

2010 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில், வேட்பாளருடன் சேராமல் தனியாகத் தேர்தலுக்குச் செலவழிப்பது கம்பெனிகளின் பேச்சுரிமை என்று 5-4 எனத் தீர்ப்பளித்தது. உடனே மொன்டானா சட்டத்தை எதிர்த்தும் வழக்கு வந்தது. மாநில உச்ச நீதிமன்றம் 2011 டிசம்பர் 30 அன்று 5-2 என்ற கணக்கில் சட்டத்தைக் காப்பாற்றியது. தலைமை நீதிபதி மெக்ராத் எழுதிய தீர்ப்பில் கிளார்க்கும் ஹைன்ஸும் 1903-இன் கதவடைப்பும் வருகின்றன. பணம் அரசியலைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டவர்களுக்கு, எங்கள் ஊர் வரலாற்றைப் படியுங்கள் என்ற பதில் அது.

வாஷிங்டன் படிக்கவில்லை. 2012 ஜூன் 25-இல், வாதம்கூடக் கேட்காமல், நீதிபதியின் பெயர் போடாத ஒரு சின்னத் தீர்ப்பில் மொன்டானாவின் முடிவைத் தள்ளியது. இங்கும் 5-4. மேல்முறையீட்டில் மாநிலத்தின் எண்ணம் தோற்கலாம், அது சகஜம். நூறு வருட அனுபவத்தை உட்கார்ந்து கேட்கவும் நேரமில்லை என்றதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆனால் சட்டத்தின் மறுபாதி பிழைத்தது. வேட்பாளருக்குக் கம்பெனி நேரடியாகக் கொடுக்கும் உதவிக்கு இன்னும் தடை. 2015-இல், யார் பணம் என்று வெளிப்படையாகச் சொல்ல வைக்கும் சட்டமும் சேர்ந்தது. அதைக் கொண்டுவந்தவர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த குடியரசுக் கட்சியின் மாநில செனட்டர் டுவேன் ஆங்க்னி. இதற்கிடையே கொலராடோவில், போதைப்பொருள் புழங்கிய ஒரு வீட்டில் சில பெட்டிகள் கிடைத்தன. 1912 சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்ட அமைப்பின் காகிதங்கள் அவற்றில் இருந்தன. அவை மொன்டானா தேர்தல் ஒழுங்கு ஆணையரின் கைக்கு வந்து சேர, பல வேட்பாளர்கள்மேல் விசாரணை தொடங்கியது. மாநில செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த ஆர்ட் விட்டிச், 2010 தேர்தலில் கம்பெனி உதவியைச் சட்டவிரோதமாக ஏற்றார் என்று 2016-இல் ஜூரி தீர்ப்பளித்தது. அபராதம் 68,232 டாலர். அந்த ஜூரி உட்கார்ந்ததும் ஹெலனாவில்தான்.